ஐந்தரை மணி நேரம்

அரவேணு ஃபேக்டரியில்
இலை எடைபோடும் கணினிக்குள்
இன்னொரு கணினி இருக்கிறது.
வெளியே இருப்பது போன வருஷம் வாங்கியது.
உள்ளே இருப்பதற்கு வயது இருபத்திரண்டு.
தராசோடு பேசத் தெரிந்தது அது ஒன்றுதான்,
அதனால் கலைக்காமல், துடைக்காமல்,
ஒரே ஒரு கோப்புக்குள் அதைக் குடிவைத்தேன்.

அடுத்து, அடுத்து, அடுத்து, சரி.
நான்கு சொடுக்கு.
கேட்ட இடத்திலெல்லாம் பதில் ஏற்கெனவே எழுதியிருந்தது:
நினைவகம் இவ்வளவு, வட்டு இந்த வகை, கடிகாரம் இப்படி.
முன்னிருப்பு.
யாரோ எங்கோ நல்லெண்ணத்தோடு இட்டுவைத்தது.
அந்த யாரோவில் நானும் ஒருத்தி.
கோத்தகிரி பேக்கரி மாடியில்
கரண்ட் இருக்கும் நேரங்களில்
அந்த மென்பொருளுக்குத்தான் வேலை பார்க்கிறேன்.

வட்டுதான் முதலில் தகராறு செய்தது.
புது வகையைப் பழசுக்கு அடையாளம் தெரியவில்லை,
நீலத் திரையில் வெள்ளை எழுத்தாய்ப் புலம்பியது.
பழைய வகைக்கு மாற்றினேன்,
எழுந்து உட்கார்ந்தது.
எல்லோரும் கைதட்டி எனக்கு டீ கொடுத்தார்கள்,
தூள் கடைசி ரகம்.
கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

மே கடைசி, மழை விழுந்து
கொழுந்து வெடித்த வாரம்.
ஆளுக்கு நாளுக்கு நூற்றிருபது கிலோதான் எடுப்போம்
என்று போர்டு மாட்டிவிட்டார்கள்.
ஜோகியின் பிக்கப் வந்து நின்றபோது பன்னிரண்டு நாற்பது.
வேண்டுமென்றேதான்.
புது தேதி, புது அளவு.
திரை சொன்னது: இன்றைய அளவு முடிந்தது.

அது இன்று என்றது நேற்றை.
உள்ளே மணி இரவு ஏழு பத்து.
கிரீன்விச் நேரம். அங்கே
யாரும் இலை பறிப்பதில்லை.

மூட்டைக்குள் கைவிட்டால் பச்சை இலை சுடும்.
விடிவதற்குள் பாதி சிவந்துவிடும்.
எண்பத்துநான்கு கிலோவை
ஓடையோரம் கொட்டிவிட்டுப் போனாராம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.
மலையில் மூட்டம் போட்டால் யாரிடம் சொல்வார்கள்?
இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.
இரண்டு வாரம் கழித்து
கீழே வர்க்கி வாங்க வந்த அவர் மகள்
வேறு ஏதோ பேச்சில் சொன்னாள்.

அன்றிரவே எழுதினேன், ஒரு வரி:
விருந்தினர் இந்தக் குடும்பமானால்
கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடட்டும்.
கூடவே குறிப்பு:
அமைப்புகள் பக்கத்தை யாரும் திறப்பதில்லை,
திறக்காதவர்களுக்கு நாம் இட்டதுதான் விதி.
எழுதியதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிராட்டிஸ்லாவாவிலிருந்து ஒருவர் கேட்டார்:
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை?
அவற்றையும் மாற்றுவோம், தவறு தவறுதானே, என்றேன்.
அனுப்புமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாமென்று
கடைசி பஸ்ஸில் அரவேணு இறங்கினேன்.

இரவு ஷிஃப்டில் செபஸ்டி.
திரையின் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டி
நீல மையில் எழுதியிருந்தான்: தொடாதே.
எதை என்றேன்.
எடைப் புரோகிராமுக்குள் மூன்று பக்கம் தள்ளிக் காட்டினான்.
நாள் தொடங்கும் நேரம் என்று ஒரு கட்டம்.
பூஜ்யம் இருந்த இடத்தில்
பதினெட்டு முப்பது.

"இதுக்கு ஐந்தரை மணி நேரம் தூக்கம் தெளியல மேடம்.
இது ஆறரைன்னு காட்டுறப்ப நமக்கு நடுராத்திரி.
அப்பவே நாளை மாத்திக்கன்னு சொல்லிட்டேன்."
ஜோகியின் இலை போன மறுநாளே செய்துவிட்டானாம்.

நின்றபடியே கணக்குப் போட்டேன்.
என் வரி இங்கே வந்து சேர்ந்தால்
கடிகாரம் திருந்தும்.
அந்தக் கணத்திலிருந்து
சாயங்காலம் ஆறரைக்கே நாளை பிறக்கும்.
மாலையில் வரும் லாரிகள் அத்தனையும்
தவறான தேதியில் இறங்கும்.

பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே திருத்தினேன்:
புதிதாய்ப் பிறப்பவற்றுக்கு மட்டும்.
இருப்பவை இருந்தபடி.
குறிப்பிலிருந்து "யாரும்" என்ற சொல்லை எடுத்தேன்,
வாக்கியம் நிற்கவில்லை, முழுவதையும் எடுத்தேன்.

வெளியே பிக்கப் சத்தம்.
மணி ஒன்று. உள்ளே ஏழரை.
ஜோகி மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தார்.
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
தேதி சரி.